சரிவுல வீடு கட்டலாமா?

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கோத்தகிரில இடம் பார்த்திருக்கான். "வியூ எப்படி?"ன்னு போட்டோ அனுப்பினான். வியூ சூப்பர்தான். ஆனா என் கண்ணு போனது, பின்னாடி செங்குத்தா வெட்டி விட்டிருந்த மண்ணு மேல.

எல்லாச் சரிவுக்குள்ளயும் ஒரு இழுபறி நடந்துக்கிட்டே இருக்கு. மண்ணோட எடை கீழே இழுக்குது. மண்துகள்களுக்கு நடுவுல இருக்கிற உராய்வும் ஒட்டும் தன்மையும் பிடிச்சு நிறுத்துது. பிடிக்கிற விசையை இழுக்கிற விசையால வகுத்தா வர்றதுதான் பாதுகாப்புக் காரணி. அது 1-னா, சரிவு விழற விளிம்புல நிக்குதுன்னு அர்த்தம். வீடு கட்டப் பொதுவா 1.5 கேட்பாங்க.

இங்கேதான் மழை வருது. தண்ணி உள்ளே இறங்கினா மண்ணோட இடுக்குகள்ல அழுத்தம் ஏறும், உராய்வு குறையும். ஏப்ரல்ல 1.5 காட்டுற சரிவு நவம்பர்ல 1-க்கு இறங்கிடலாம். அதனாலதான் ஜியோடெக்னிக்கல் ஆய்வுல துளை போட்டு மண் எடுத்து, நிலத்தடி நீர்மட்டம் பார்த்து, மழைக்கால நிலைமைக்கும் சேர்த்துக் கணக்கு போடுறாங்க.

ஹாங்காங் இதை உயிரைக் கொடுத்துத்தான் கத்துக்கிச்சு. 1972 ஜூன் 18, ஒரே நாள்ல ரெண்டு சரிவு. சாவ் மாவ் பிங்ல 71 பேர், போ ஷான் ரோடுல 67 பேர் இறந்தாங்க. 1976-ல சாவ் மாவ் பிங்ல மறுபடியும் சரிஞ்சு 18 பேர் போனாங்க. 1977-ல, சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அரசு அலுவலகமே தொடங்கினாங்க.

ஃப்ரெண்ட்கிட்ட நான் கேட்டது ஒண்ணுதான்: "மண் ரிப்போர்ட் இருக்கா?" இல்லையாம். அட்வான்ஸை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கான்.