பெர்கூசன் சிறு டிராக்டரில் பிரேக் பிடியாமை: காரணமும் நிவாரணமும்

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரையில் செய்யப்பட்ட பெர்கூசன் டி.ஈ.20 என்னும் சிறு டிராக்டர்கள் 5 லட்சத்திற்கும் அதிகம். அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. எஞ்சினைப் பேணுவதில் காட்டும் சிரத்தையை உடைமைக்காரர் பலர் பிரேக்கில் காட்டுவதில்லை. சமதரையில் உழும்பொழுது அதன் குறை புலப்படாது. பாரமேற்றிய டிரெயிலரைப் பின்னே பூட்டிச் சரிவில் இறங்கும்பொழுதுதான் புலப்படும். அப்பொழுது அறிந்து பயனில்லை.

இவ்வியந்திரத்தின் பிரேக், மோட்டார் கார்களில் உள்ளதுபோல் திரவத்தால் இயங்குவதன்று. பெடலை மிதித்தால் இரும்புக் கம்பிகள் இழுபட்டு, பின்சக்கர உருளைக்குள் இருக்கும் பிறை வடிவான இரு கட்டைகளை விரிக்கின்றன. ஆகவே திரவம் ஒழுகிற்றோ என்று தேடுவது வீண்.

பெடல் தடையின்றி அடிவரையில் சென்றுவிடுமாயின், லைனிங் தேய்ந்திருக்கும். அல்லது கம்பிகளை இணைக்கும் ஊசிகளும் அவற்றின் துளைகளும் தேய்ந்து ஆட்டங் கொடுத்திருக்கும். பெடல் கெட்டியாக நின்றும் வண்டி நில்லாதாயின், லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இப்பழைய வண்டிகளில் அடிக்கடி நேரும் கோளாறு இதுவே. கியர்ப் பெட்டி, ஹைட்ராலிக் தூக்கி, பின்னச்சு ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயைக் கொண்டு இயங்குவதால், எண்ணெயை அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும், ஆயில் சீல் தேய்ந்தாலும், அது அச்சு வழியே உருளைக்குள் வந்து சேரும். சீலை மாற்றாது லைனிங்கை மட்டும் மாற்றுவோர் விரைவில் மறுபடியும் பணம் செலவழிப்பர். எண்ணெய் குடித்த லைனிங்கின்மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவாரும் உளர். மேலே காய்ந்ததாகத் தோன்றினும், சூடேறியதும் உள்ளிருந்த எண்ணெய் திரும்பவும் கசியும். புகுந்தது வெறும் நீராயின், பிரேக்கை இலேசாக மிதித்தவாறு சிறிது தூரம் ஓட்ட உலர்ந்துவிடும்.

பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலைக் கெடுப்பதால், உருளையைக் கழற்றிய பின் வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதலாகாது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியை மூடிக் கட்டி அகற்ற வேண்டும்.

பிரேக்கைச் சரிப்படுத்த, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, கியரை நடுநிலையில் விட்டு, பின்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்துக. ஜாக்கியை மட்டும் நம்பாது அச்சின்கீழ் உறுதியான முட்டுக் கொடுத்தல் அவசியம். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே, கட்டைகள் உரசும் வரையில் முடுக்கி, பின் தாராளமாகச் சுழலும் அளவிற்குத் தளர்த்துக. இரு பக்கமும் ஒருங்கே பிடிக்குமாறு அமைப்பதிலேதான் முக்கிய கவனம் வேண்டும். வயலில் குறுகத் திரும்புவதற்கென ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே பிடிக்குமாறு பெடல்கள் அமைந்துள்ளன; சாலையில் வேகமாகச் செல்கையில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று கவிழ நேரும். சரிப்படுத்திய பின், டிரெயிலரைப் பூட்டாமல் சமதரையில் மெதுவாக ஓட்டி, இருமுறை பரீட்சித்தல் வேண்டும். அதன் பின்னரே பாரம் ஏற்றலாம்.