பாதைத் தகராறா? முதலில் பத்திரத்தைப் பிரியுங்கள்

அண்ணன் தம்பி பாகம் பிரித்த மனையில் முன்னால் ஒரு வீடு, பின்னால் ஒரு வீடு, பக்கவாட்டில் எட்டடிப் பாதை. அடுத்த தலைமுறையில் பின்வீட்டார் கார் வாங்கினால் சண்டை ஆரம்பமாகிவிடும். "நடக்கத்தானே வழி விட்டோம்!" என்பார் முன்வீட்டார்.

சட்டப்படி அவர் பேச்சில் நியாயம் இருக்கலாம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 28வது பிரிவில், ஒரு வகைப் பாதை உரிமைக்குள் இன்னொரு வகை அடங்காது என்கிறது. ஆகவே பத்திரத்தில் சொத்து விவரத்தைப் படியுங்கள். கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்பதற்குக் கீழே 'வண்டி வாகனங்கள் சென்றுவரும் பாத்தியம்' இருக்கிறதா, வெறும் 'நடைபாதை பாத்தியம்' மட்டுமா? வழக்கே அந்த ஒரு வரியில் திரும்பிவிடும். தாய்ப்பத்திரத்தையும் விடாதீர்கள்.

எழுத்தில் எதுவுமில்லை என்றால், 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தியதை நிரூபிக்க வேண்டும். அனுமதி கேட்டு நடந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. பாதையை அடைத்தால் இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்றம் போய்விட வேண்டும். ஒரே சொத்தாக இருந்து பிரிந்த மனைக்கு வேறு வழியே கிடையாது என்றால் அவசியப் பாதை கேட்கலாம்; வேறு வழி பிறந்தால் அந்த உரிமை முடிந்துவிடும்.

வேலிச் சண்டை வேறு ரகம். கிளுவை வேலி ஆண்டுக்கு ஆண்டு பக்கவாட்டில் தடித்து இடத்தைத் தின்னும். பட்டா பரப்பைச் சொல்லும், எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று காட்டாது. அதைக் காட்டுவது புலப்படம்; கோட்டின் நீளம் அதில் மீட்டரில் இருக்கும். கட்டணம் கட்டி மனுக் கொடுத்தால் சர்வேயர் அளந்து காட்டுவார். இப்போது தமிழ்நாட்டில் இணையத்திலும் மனுப்போடலாம். அதற்கு முன் மதில் எழுப்பாதீர்கள். அரசு நட்ட எல்லைக் கல்லைப் பிடுங்குவது குற்றம்.

காவல் நிலையம் அடிதடியைத் தடுக்கலாம். நிலம் யாருக்கு என்று தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பக்கத்துவீட்டு முகத்தைத் தினமும் பார்த்தாக வேண்டியவர்களுக்கு அது பெரிய தண்டனை.

பேசித் தீர்த்துக்கொண்டால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பாதையின் அகலம், எந்த வண்டி போகலாம், பராமரிப்புச் செலவு யாருக்கு என்று எழுதி, வரைபடம் இணைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.