ஊரின் கேள்வி பாடத்துக்குள் வரவேண்டும்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமைப் பார்த்திராத கிராமம் தமிழ்நாட்டில் குறைவு. மாணவர்கள் பள்ளிக் கட்டடத்தில் தங்குகிறார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டுகிறார்கள், வாய்க்காலைச் சுத்தம் செய்கிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். ஒரு நாள் கண் பரிசோதனை நடக்கிறது, இன்னொரு நாள் விழிப்புணர்வுப் பேரணி. காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் இத்திட்டத்தை 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிவைத்தார். முதலில் சேர்ந்தவர்கள் 40,000 மாணவர்கள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது விதி. அந்த உழைப்பு வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதல்முறையாக வேற்றூரில், வேற்றுச் சாதியினரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அனுபவமே சிலருக்கு வாழ்நாள் பாடமாகிவிடுகிறது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வேதியியல் படிக்கும் மாணவி அந்த ஏழு நாளில் வேதியியலைப் பயன்படுத்தினாளா? வணிகவியல் மாணவன் அந்த ஊரின் வரவுசெலவைப் பற்றி ஏதாவது தெரிந்துகொண்டானா? பெரும்பாலும் இல்லை. சேவை ஒரு பக்கமும் பாடம் மறுபக்கமும் நிற்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பல்கலைக்கழகக் கல்வி முழுமை பெறும் என்பதும், அந்தச் சந்திப்பு தானாக நடக்காது, திட்டமிட்டு உருவாக்க வேண்டும் என்பதும் என் வாதம்.

இதற்கு ஆய்வுகளின் துணை உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அலெக்சாண்டர் ஆஸ்டினும் உடனிருந்தவர்களும் 22,236 இளநிலை மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. சேவையில் ஈடுபடுவதே மாணவர்களுக்குப் பலன் தருகிறது, அந்தச் சேவை ஒரு பாடத்தோடு இணைந்திருந்தால் எழுத்துத் திறன் உள்ளிட்ட படிப்புசார் பலன்கள் கூடுகின்றன என்று அது காட்டியது. செய்த வேலையைப் பற்றி மாணவர்கள் தங்களுக்குள் பேசி விவாதிக்கும் வாய்ப்பு மிக முக்கியம் என்றும் கண்டது. சேவைக்கு முன்வருகிறவர்கள் இயல்பாகவே ஆர்வமுள்ள மாணவர்கள், அவர்கள் நன்றாகப் படிப்பதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். நியாயமான ஐயம். 2011-இல் வெளியான வேறொரு தொகுப்பாய்வு, ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்தப்பட்ட 62 ஆய்வுகளை, ஏறத்தாழ 12,000 மாணவர்களின் முடிவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பலன் பிரமாண்டமானதாக இல்லை, மிதமானதுதான். ஆனால் உண்மையானது. அதிலும் படிப்பில் ஏற்பட்ட முன்னேற்றமே எல்லாவற்றிலும் பெரிது. சேவைக்குப் போனால் படிப்பு கெடும் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் அஞ்சுவதற்கு இந்த முடிவு நேரெதிர்.

நம் மண்ணிலேயே இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் பல பத்தாண்டுகளாகச் சமுதாய நலப்பணி செய்துவருகிறது. ஊர்வாரியாகப் பிறப்பும் இறப்பும் தொடர்ந்து பதிவாகின்றன. முதலாண்டு மாணவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கிராமத்தில் தங்கி, வீடுவீடாகப் போய்க் கணக்கெடுக்கிறார்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது, பிரசவம் எங்கே நடந்தது, குழந்தைக்கு என்ன எடை என்று கேட்டு எழுதி, பிறகு வகுப்பில் அந்தப் புள்ளிவிவரங்களை அட்டவணையாக்குகிறார்கள். ரத்தசோகை என்பது புத்தகத்தில் ஒரு ஹீமோகுளோபின் அளவு. இன்ன தெருவில், இன்ன வேலை செய்யும், இரண்டு வேளை மட்டும் சாப்பிடும் ஒரு தாயின் சோர்வாக அதைப் பார்த்தவர், பின்னாளில் இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட மாட்டார். தேசிய மருத்துவ ஆணையம் அண்மையில் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் இந்த வழியில் வந்ததுதான். எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களை முதலாண்டிலிருந்தே தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்கிறது அது. வேளாண் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஊரக வேளாண் பணி அனுபவம் பட்டத்தின் ஒரு பகுதி. உழவரோடு இருந்து, விதை நேர்த்தியும் மஞ்சள் ஒட்டுப் பொறியும் செய்துகாட்டி, அவர்களிடமிருந்து மண்ணையும் மழையையும் கற்றுவர வேண்டும். மருத்துவமும் வேளாண்மையும் புரிந்துகொண்ட உண்மையைக் கலை அறிவியல் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் ஏன் இன்னும் கையில் எடுக்கவில்லை என்பதே என் ஆதங்கம். பெருந்தொகை மாணவர்கள் படிப்பது அங்கேதான்.

வேதியியல் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்வோம். இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீரின் கடினத்தன்மையை அளக்கும் செய்முறை, முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குக்கூட உண்டு. வழக்கமாக அந்த நீரை ஆய்வக உதவியாளர் தயாரித்து வைத்திருப்பார். விடை முன்கூட்டியே தெரிந்தது. அதே பியூரெட்டில், அதே மூன்று மணி நேரத்தில், பக்கத்து ஊராட்சியின் பத்து ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எடுத்துவந்த நீரை அளந்தால் என்ன? கூடுதல் செலவு பேருந்துக் கட்டணம்தான். ஆனால் அப்போது பிழைக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. தவறாக அளந்தால் ஒரு ஊருக்குத் தவறான செய்தி போகும் என்று தெரிந்தவர் மூன்று முறை அளப்பார். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது நெடுங்காலமாகத் தெரிந்த துயரம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குழாயில் காவிரி நீர் வராத நாளில் மக்கள் எதைக் குடிக்கிறார்கள், சமையலுக்கு எந்த நீர், மாட்டுக்கு எந்த நீர் என்று கேட்டறிவது சமூகவியல் மாணவர்களின் வேலை. நீரின் புளோரைடை அளப்பது வேதியியல் மாணவர்களின் வேலை. இரண்டையும் சேர்த்து வரைபடமாக்குவது புவியியல் மாணவர்களின் வேலை. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்குப் புத்தகங்கள் வணிகவியல் துறைக்காகக் காத்திருக்கின்றன. பட்டா மாறுதலுக்கு அலையும் முதியவர்கள் சட்டக் கல்லூரிக்காக.

கேள்வி ஊரிலிருந்து வரவேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் பிளின்ட் நகரம் மறக்க முடியாத சான்று. 2014 ஏப்ரலில் அந்நகரம் தன் குடிநீரைப் பிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. நீர் பழுப்பாக வருகிறது, குழந்தைகளுக்குத் தோலில் தடிப்பு வருகிறது என்று மக்கள் முறையிட்டார்கள். அதிகாரிகள் நீர் பாதுகாப்பானது என்றார்கள். விர்ஜினியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸை அந்நகரத்துத் தாய் ஒருவர் தொடர்புகொண்டார். 2015 ஆகஸ்டில் பேராசிரியரும் மாணவர்களும் 300 மாதிரிக் குப்பித் தொகுப்புகளை அனுப்பினார்கள். வீடுவீடாகக் கொண்டுசேர்த்ததும், நீரைப் பிடித்துத் திருப்பியனுப்பியதும் ஊர்மக்களே. மாணவர்கள் ஆய்வகத்தில் அளந்தபோது பல வீடுகளின் நீரில் ஈயம் மிகுந்திருந்தது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாத ஆற்று நீர், பழைய குழாய்களிலிருந்து ஈயத்தை அரித்துக்கொண்டு வந்திருந்தது. அந்த அக்டோபரில் நகரம், முன்பு பயன்படுத்திவந்த டெட்ராய்ட் நகர நீருக்கே மீண்டும் மாறியது. அந்த மாணவர்கள் கற்றது ஈயத்தை அளக்கும் முறையை மட்டும் என்று எண்ண முடியவில்லை. யார் சொல்வதை அறிவாக ஏற்பது, யாருடைய முறையீட்டைப் புலம்பலாகத் தள்ளுவது என்பதையும் அவர்கள் நேரில் கண்டார்கள்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. அரைகுறையாகக் கற்ற மாணவர்கள் பழகிப்பார்க்கும் களமாக ஏழை ஊர்களை ஆக்கலாமா? 1968-இல் மெக்சிகோவுக்குச் சேவை செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்கள் நடுவே பேசிய சிந்தனையாளர் இவான் இலிச் இதைக் கடுமையாகவே சொன்னார். உதவும் எண்ணத்தோடு வராதீர்கள், பார்க்கவும் கற்கவும் வேண்டுமானால் வாருங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அந்தக் கண்டனத்தை நான் ஏற்கிறேன். கணக்கெடுப்பு என்ற பெயரில் வந்து வருமானம், கழிப்பறை, கடன் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வராததை நம் கிராமத்தவர்கள் நன்றாக அறிவார்கள். வேளாண் மாணவர்கள் ஊர்மக்களோடு சேர்ந்து வண்ணக் கோலப்பொடியால் தரையில் ஊரின் வளவரைபடம் வரைவது அழகான முறை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட நின்று, ஊருணி அந்தப் பக்கம் என்று திருத்திச் சொல்லலாம். ஆனால் அதன் நகல் கல்லூரிப் பதிவேட்டுக்குப் போகிறதே தவிர, ஊராட்சி அலுவலகச் சுவருக்கு வருவது அரிது. இதற்குத் தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மாணவர்களின் முடிவுகள் முதலில் அங்கே, நல்ல தமிழில், ஊரார் கேள்வி கேட்கும்படி வைக்கப்படட்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கு அந்த அவையின் கருத்தைக் கேட்டே வழங்கப்படட்டும். தங்கள் படிப்பைத் தாய்மொழியில் ஊர்ப் பெரியவருக்கு விளக்கிச் சொல்வதைவிடக் கடினமான வாய்மொழித் தேர்வை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை வைத்ததில்லை.

அரசு செய்யவேண்டியதை மாணவர்கள் தலையில் கட்டுவதா என்றும் கேட்கிறார்கள். மெக்சிகோவின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. அங்கே 1936-இல் மருத்துவ மாணவர்களிடம் தொடங்கிய சமூக சேவை, 1945-இல் எல்லாத் துறையினருக்கும் சட்டமானது. 480 மணி நேரச் சேவை முடிக்காமல் பட்டம் கிடையாது. மருத்துவரே இல்லாத சிற்றூர்களுக்கு அதனால் மருத்துவர் கிடைத்தார். அதே வேளையில், மேற்பார்வை இன்றி, பாதுகாப்பின்றி, இளம் மருத்துவர்கள் தன்னந்தனியே விடப்படுகிறார்கள் என்ற முறையீடும் இன்றுவரை ஓயவில்லை. வழிகாட்ட ஆசிரியர் உடன் இல்லாத இடத்தில் சேவை மலிவான கூலியாகிவிடும். அங்கே மாணவரும் கற்பதில்லை, ஊரும் தேறுவதில்லை. ஆகவே நிரந்தரப் பணியாளர் பார்க்கவேண்டிய வேலைக்கு மாணவரை அனுப்பக்கூடாது என்பது எழுதப்பட்ட விதியாகவே இருக்கவேண்டும். அளப்பது, பதிவு செய்வது, விளக்குவது, கேள்வி எழுப்புவது இவை மாணவருக்குரியவை.

நம் மாணவர்கள் யார் என்பதையும் மறந்துவிடக்கூடாது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் 28.4. அரசு கலைக் கல்லூரியில் படிப்பவர்களில் ஏராளமானோர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். கிராமத்தைக் காட்டுவதற்கு அவர்களை எங்கும் அழைத்துப்போக வேண்டியதில்லை. அங்கிருந்துதான் பேருந்து ஏறி வருகிறார்கள். மாலையில் துணிக்கடையிலோ உணவகத்திலோ வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் கொடுப்பவர்களிடம், கல்லூரி நேரம் முடிந்தபின் சேவைக்கு வா என்று கேட்பது அநீதி. அது பாடவேளைக்குள்ளேயே நடக்கவேண்டும், அதற்குரிய மதிப்பெண்ணும் கிடைக்கவேண்டும். மதிப்பெண் கொடுத்தால் தொண்டுள்ளம் போய்விடும் என்பவர்கள், ஊதியம் வாங்கும் செவிலியரிடம் பரிவு இல்லை என்று சொல்வார்களா? இன்னொன்றும் உண்டு. ஊருணி வற்றும் மாதத்தையும், எந்தத் தெருவுக்குக் குழாய் கடைசியாக வந்தது, ஏன் கடைசியாக வந்தது என்பதையும் அறிந்த மாணவர், வகுப்பில் முதல்முறையாக ஆசிரியருக்குச் சொல்லித்தரும் இடத்தில் நிற்பார். ஆங்கிலத்துக்கு அஞ்சிப் பின்வரிசையில் ஒடுங்கியிருப்பவருக்கு அது என்ன செய்யும் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கொள்கை ஏட்டில் தடையேதும் இல்லை. 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேரும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் சமுதாய ஈடுபாட்டுக்கென இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றையே வகுத்துத் தந்தது. இடறல் வேறிடத்தில் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியர், முழுப் பாடவேளைச் சுமையையும் சுமந்துகொண்டுதான் கிராமத்துக்கும் போய்வருகிறார். மூன்று ஆண்டில் அவர் பொறுப்பு மாறுகிறது, கிராமமும் மாறுகிறது. சென்ற அணி எடுத்த கணக்கு அடுத்த அணியின் கைக்கு வருவதில்லை. அவருடைய வாரக் கால அட்டவணையில் நான்கு மணி நேரம் ஊருக்கென்று எழுதப்பட வேண்டும். குறைந்தது பத்தாண்டுக்கு ஒரே ஊராட்சியோடு கல்லூரி உறவு வைத்திருக்க வேண்டும். இந்த ஆண்டின் நீர் மாதிரி முடிவுகளைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே கிணறுகளுக்குப் போகவேண்டும். கிராம சபை கூடும் ஆறு தேதிகளும் கல்லூரி நாட்காட்டியில், பருவத் தேர்வுத் தேதிகளுக்குப் பக்கத்திலேயே, அச்சாக வேண்டும்.