பாட்டுக்கு ஒரு முகூர்த்தம்

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணியில் தெருவுக்குத் தெரு குழாய் கட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஒன்று, தெருக்கோடியில் இன்னொன்று. திண்ணையில் உட்கார்ந்தால் ஒரே பாட்டு இரண்டு தடவை காதில் விழும். எதிர்க் குழாய் 'முருகா' என்று முடிப்பதற்குள் கோடிக் குழாய் 'முருகா' என்று பின்னாலேயே ஓடிவரும். மைக் செட்காரர் பழைய ஆள். அவரிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே வயர்தான் சார். கரண்டு லேட்டே ஆவாது. காத்துதான் சோம்பேறி" என்றார்.

அவர் சொன்னது சரியான இயற்பியல். கம்பியில் மின்சாரம் இரண்டு குழாய்க்கும் ஏறக்குறைய ஒரே நொடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. குழாயை விட்டு வெளியே வந்தபிறகு ஒலி நடக்கிற வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். கோடிக் குழாய் எழுபது மீட்டர் தள்ளி இருந்தால் அதன் பாட்டு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தி வரும். முப்பது, நாற்பது மில்லி விநாடிக்குள் வரும் இரண்டு ஒலிகளை நம் காது ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் எதிரொலி என்று பிரித்துவிடும். மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கு என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மாவுக்குக் காலையில் திருப்புகழ் ஓட வேண்டும். அடுப்படியிலும் கேட்க வேண்டும், கூடத்திலும் கேட்க வேண்டும். செல்போனில் போட்டால் யாராவது கூப்பிட்டதும் பாட்டு நின்றுவிடுகிறது என்பது அவர் குறை. நியாயமான குறைதான். அதற்காக ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கினேன்.

பெயரைப் பார்த்துத் தின்பண்டம் என்று நினைக்க வேண்டாம். முழுக் கணினியே ஒரு பலகையில் அடங்கிவிட்ட சமாச்சாரம் அது. செயலி, நினைவகம், வைஃபை, ப்ளூடூத் எல்லாம் அந்த ஒரே பச்சை அட்டையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் கிடையாது. விரல் நகமளவு மெமரி கார்டுதான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டன் என்பவரும் அவர் கூட்டாளிகளும், பள்ளிப் பிள்ளைகள் பயமில்லாமல் நிரல் எழுதிப் பழக மலிவாக ஒரு கணினி வேண்டும் என்று செய்தது. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அதன் தம்பியான 'ஜீரோ 2 டபிள்யூ' 2021-இல் 15 டாலருக்கு வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அதைவிட ஒல்லி. செல்போன் சார்ஜர் போன்ற ஒன்றில் மாட்டிவிட்டால் நாளெல்லாம் ஓடும்.

நான் வாங்கியது இந்தத் தம்பியைத்தான். இதற்குக் காதில் மாட்டும் வயரைச் செருக ஓட்டை கிடையாது. கணினிக்குள் பாட்டு என்பது வெறும் எண்களின் வரிசை. குறுந்தகட்டின் தரம் என்றால் விநாடிக்கு 44,100 எண்கள், அதுவும் இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக. அந்த எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்ற ஒரு சில்லு வேண்டும். டாக் என்று கடைகளில் கேட்டால் தருவார்கள். பலகையின் ஓரத்தில் நாற்பது ஊசிகள் வைக்க இடம் இருக்கும். டாக் அட்டையை அதன்மேல் உட்காரவைத்து, அதிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர் இழுத்தால் போதும். கூடத்துப் பெட்டி பாடத் தொடங்கிவிட்டது.

அடுப்படிக்கு வயர் இழுக்க அம்மா சம்மதிக்கவில்லை. வெள்ளையடித்து ஆறு மாதம்தான் ஆகிறது. சரி, ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வைப்போம் என்று முடிவு செய்தேன்.

ப்ளூடூத் பிறந்தது சுவீடனில். 1990-களில் எரிக்சன் நிறுவனத்தார், செல்போனுக்கும் மற்ற கருவிகளுக்கும் இடையே இருந்த வயரை ஒழிக்கச் செய்த முயற்சி அது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவரின் பட்டப்பெயரை அதற்கு வைத்தார்கள். வேலை செய்கிற விதம் விசித்திரமானது. 2.4 கிகா ஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையை 79 சந்துகளாகப் பிரித்து, பேசிக்கொள்ளும் இரண்டு கருவிகளும் விநாடிக்கு 1,600 தடவை சந்து மாறி மாறிப் பேசும். ஒரு சந்தில் இரைச்சல் இருந்தால் அடுத்ததில் பிழைத்துக்கொள்ளலாம். வைஃபையும் அதே அலைவரிசையில்தான் இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். சின்னப் பலகைகளில் வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே சில்லுதான். இணையத்திலிருந்து பாட்டை வாங்கி அதே மூச்சில் ஸ்பீக்கருக்கு அனுப்பச் சொன்னால் நடுநடுவே விக்கும். தண்ணீர் நிறைந்த மனித உடம்பும் இந்த அலையை விழுங்கும். அம்மா குறுக்கே நின்றால் பாட்டு திக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாட்டை முழுசாக அனுப்பவும் ப்ளூடூத்தில் இடமில்லை. குறுந்தகட்டுத் தரத்துக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். எல்லா ப்ளூடூத் ஸ்பீக்கருக்கும் தெரிந்த எஸ்பிசி என்ற சுருக்குமுறை, நல்ல தரத்திலேயே அதை 328-க்குச் சுருக்கிவிடுகிறது. கீழ்ச்சுருதி, மேல்சுருதி என்று ஒலியை எட்டுத் துண்டாக்கி, எந்தத் துண்டில் சத்தம் அதிகமோ அதற்கு அதிக இடம் ஒதுக்கும் முறை அது. காலைத் திருப்புகழுக்கு இது தாராளம். தரத்தைப் பற்றி மூக்கைச் சுளிப்பவர்கள் முதலில் தங்கள் அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கும்போது கேட்டுப் பார்க்கட்டும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இரண்டு பெட்டியையும் சேர்த்துப் போட்ட முதல் நாள் அம்மா கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற நிலைப்படியில் நின்றார். "என்னடா, தெருவுல பாடற மாதிரியே பாடுது" என்றார். கூடத்துப் பெட்டி பாடியதை அடுப்படிப் பெட்டி பின்னாலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம் இருந்தால் அதிகம். இந்தத் தடவை காற்றின் மேல் பழி போட முடியாது.

காரணம் தொட்டி. நகராட்சித் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் மாடியில் தொட்டி இருந்தால் குழாயில் ஒரே சீராக வரும் அல்லவா? காற்றில் வரும் எண்களும் விட்டுவிட்டுத்தான் வரும், சில நேரம் வழியில் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டும் வரும். அதனால் ஒவ்வொரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் உள்ளே ஒரு சின்னத் தொட்டி வைத்து, கொஞ்சம் நிரம்பிய பிறகே பாடத் தொடங்குகிறது. சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் தாமதம் 100 முதல் 200 மில்லி விநாடி வரை போகும். கிரிக்கெட் நாளில் பக்கத்து வீட்டில் 'சிக்ஸ்' என்று கத்திய பிறகு நம் செல்போனில் பந்து வீச ஓடிவருவானே, அதுவும் தொட்டி செய்கிற வேலைதான். அங்கே தொட்டி இன்னும் பெரியது.

வானொலிக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் அது சில ஆண்டுகளில் மூடிக்கொள்ள, 1930-இல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்கவைத்தார்கள். ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை ஒளியின் வேகத்தில் எல்லாப் பெட்டிக்கும் போகும். பெட்டி வந்ததை வந்தபடியே பாடிவிடும், சேர்த்துவைக்காது. நூறு டீக்கடை ரேடியோவும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் பாடியது அதனால்தான். எண்ணாக்கிச் சேர்த்துவைக்கக் கற்றுக்கொண்ட பிறகு, இலவசமாகக் கிடைத்த அந்த ஒற்றுமையை நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

எனக்கு அது இன்னொரு பலகையின் விலைக்குக் கிடைத்தது. ப்ளூடூத்தை விட்டுவிட்டு அடுப்படியில் ஒரு பழைய பெட்டியை வைத்து, அதற்கும் ஒரு ஜீரோ, ஒரு டாக். இரண்டு பலகைக்கும் நடுவே வைஃபை. இரண்டிலும் ஸ்நாப்காஸ்ட் என்ற இலவச மென்பொருள். அது செய்வதைக் கல்யாணப் பத்திரிகையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். கூடத்துப் பலகை பாட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றின் மேலும் முகூர்த்த நேரத்தை எழுதி அனுப்புகிறது: இந்தத் துண்டை இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனை மில்லி விநாடிக்குப் பாட வேண்டும். முகூர்த்தம் வழக்கமாக ஒரு விநாடி தள்ளி வைக்கப்படும். துண்டுகள் முன்னே பின்னே வந்தாலும் மண்டபத்தில் காத்திருக்கும். நேரம் வந்ததும் இரண்டு வீட்டாரும் சேர்ந்து கெட்டிமேளம். முகூர்த்தம் தாண்டி வருகிற துண்டுக்கு அங்கே இடமில்லை, தூக்கிப்போட்டுவிடும்.

ஆனால் இரண்டு வீட்டுக் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டுமே! அதற்காக அடுப்படிப் பலகை அடிக்கடி கூடத்தைக் கேட்கும்: உன் கடிகாரத்தில் மணி என்ன? கேள்வி போய்ப் பதில் வர எவ்வளவு ஆனது என்று அளந்து, அதில் பாதியைக் கழித்துத் தன் கடிகாரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளும். ஒரு தடவை கேட்டதை நம்பாது. பல தடவை கேட்டு நடுவாக நிற்கிற விடையை எடுத்துக்கொள்ளும்.

அதோடும் முடியாது. ஒவ்வொரு பலகையின் நேரத்தையும் ஒரு சிறு படிகம் துடித்துக் காட்டுகிறது. எந்த இரண்டு படிகமும் அச்சாக ஒரே வேகத்தில் துடிக்காது. பத்து லட்சத்துக்கு ஐம்பது என்ற அளவில் வித்தியாசம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 180 மில்லி விநாடி விலகிவிடும். சரியாகத் தொடங்கிய பாட்டு, இட்லி வெந்து இறங்குவதற்குள் பிசிறடிக்க ஆரம்பிக்கும். அதனால் பின்தங்கும் பெட்டி அவ்வப்போது ஒரே ஒரு எண்ணை விழுங்கிவிட்டு முன்னேறும். முந்தும் பெட்டி ஒரு எண்ணை இரண்டு தடவை சொல்லி நின்று வரும். ஒரு எண்ணின் ஆயுள் 0.02 மில்லி விநாடி. காதுக்கு அது தெரியவே தெரியாது. இப்படி இழுத்துப் பிடித்தால் பெட்டிகளுக்கு இடையே விலகல் 0.2 மில்லி விநாடிக்குள் நிற்கும் என்கிறார்கள் அந்த மென்பொருளை எழுதியவர்கள். காற்றில் ஒலி அதற்குள் நடக்கும் தூரம் ஒரு சாண்கூட இல்லை.

சோதித்துப் பார்க்க எந்தப் பாட்டு? முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கிருதி எங்கள் திருத்தணி மலையில்தான் பிறந்தது, முருகனே கிழவராக வந்து வாயில் கற்கண்டு போட்டார் என்பார்கள். ஊர்ப் பெருமைக்காக அதை வீணையில் போட்டுப் பார்த்தேன். பயனில்லை. இழைந்து போகும் நாதத்தில் கொஞ்சம் பிந்தினாலும் தெரியாது. திருப்புகழ்தான் கறாரான பரிசோதகர். சந்தம் வெட்டி வெட்டிப் போகும், கூடவே ஜால்ரா. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31 இரவு மலையின் 365 படிகளிலும் படிக்கொரு பாட்டாகப் பஜனைக் கோஷ்டிகள் பாடிக்கொண்டு ஏறும்போது அந்த ஜால்ரா எவ்வளவு கூர்மையாக விழும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். பெட்டிகள் நாற்பது மில்லி விநாடி விலகினால் ஒரு தட்டு இரண்டு தட்டாகக் கேட்டுவிடும்.

கேட்கவில்லை. நிலைப்படியில் நின்றால் ஜால்ரா ஒன்றே ஒன்று, நடுவில் எங்கோ காற்றில் தொங்குவது போல இருந்தது.

இடையில் ஒரு விபத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் போகும்போது சொல்லிவிட்டுப் போகாது. பலகை மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கார்டு பாழாகும். ஒரு மழை நாளில் அப்படித்தான் போனது. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். இப்போது கார்டை எழுத முடியாமல் பூட்டிவைக்கும் வசதியைப் போட்டிருக்கிறேன். பாட்டுகள் தனியாக ஒரு பென் டிரைவில். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு கிருத்திகைக்கும் குழாய் கட்டினார்கள். அம்மா திண்ணைக்கும் கூடத்துக்குமாக இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுப் பாட்டு ஒண்ணாத்தான் வருது. தெருவுலதான் ரெண்டு. அதையும் சரி பண்ணு" என்றார். மைக் செட்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் கணினி எதையும் தேடவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய், கோடிக் குழாயின் வாயை எங்கள் பக்கத்திலிருந்து பஜார் பக்கமாகத் திருப்பிவிட்டு வந்தார்.