பற்றுக்கு ஏது பற்றாக்குறை?

ரமணாசிரமத்தை அடுத்த தேநீர்க் கடைகளில், கட்டாய இராணுவப் பணியை முடித்துவிட்டு வந்த இஸ்ரேலிய இளைஞர்களை அவ்வப்போது காண்கிறேன். அவர்களுக்கு அது 18 வயதில் அரசு இடும் கட்டளை. ஆனால், கொல்கத்தாவின் யூதக் குடும்பத்தில் பிறந்த ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், 1942-இல் தாமே விரும்பி பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் சேர்ந்தார். ஐரோப்பிய யூதர்கள் கொல்லப்பட்ட செய்தி அவரை உந்தியது. விடுதலைக்குப் பின்னும் இந்தியப் படையிலேயே நீடித்தார். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவுக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவரானார். 2016-இல் மறைந்தபோது தில்லி யூதக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும் என்று வகுப்பில் கற்பித்தவன் நான். பற்றுக்கு அக்கணக்கு பொருந்தாது. சமூகப் பற்றே அவரை நாட்டின் படைக்கு அழைத்து வந்தது. சிறுபான்மையினரின் நாட்டுப்பற்றை ஐயுறுவோர் அக்கல்லறையை நினைவில் கொள்ளட்டும்.