பாலை மண்ணின் அடியில் சுக்கான் பாறை

மேற்கு இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்தில், மணலைத் தோண்டும் உழவனின் மண்வெட்டி பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே வெண்மையான கெட்டிப் படிவமொன்றில் மோதி நின்றுவிடுகிறது. வடநாட்டார் இதனைக் கங்கர் என்பர். தமிழில் இது சுக்கான் கல் எனப்படும். தளர்ந்த மணலின் கீழ் இப்பாறை எங்ஙனம் தோன்றியது?

இதன் முதற்பொருள் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. பாறைகள் சிதைவதாலும், காற்று சுமந்து வரும் புழுதியாலும் இது மேல் மண்ணை அடைகிறது. தாவர வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால், மண்ணிடையேயுள்ள காற்றில் கரியமில வாயு மிகுந்திருக்கும். மழைநீர் அவ்வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழிறங்குகிறது.

மழை மிகுந்த நாடுகளில் இக்கரைசல் நிலத்தடி நீருடன் கலந்து வெளியேறிவிடும். பாலையிலோ மழை சிறிது, வெயில் பெரிது. ஆகவே நீர் சில அடிகளுக்குக் கீழ் இறங்குவதில்லை. வேர்கள் அதனை உறிஞ்சுகின்றன, எஞ்சியது ஆவியாகிறது. நீர் குறைந்து கரியமில வாயுவும் நீங்கவே, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் திடப்பொருளாய்ப் படிகிறது.

முதலில் இது வெண்ணிற இழைகளாகவும், பின்னர் சிறு முடிச்சுகளாகவும் காணப்படும். ஆண்டுதோறும் முடிச்சுகள் பருத்து ஒன்றோடொன்று இணைந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. துளைகள் அடைபட்டபின், தேங்கும் நீரிலிருந்து மேற்பரப்பில் மெல்லிய ஏடுகள் படியத் தொடங்குகின்றன. இவ்வாறு ஒரு கெட்டிப் படிவம் உருவாகப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும்.

இக்கல் சுண்ணாம்பு சுடவும் சாலை போடவும் பயன்படுவதுண்டு. எனினும் வேளாண்மைக்கு இது பெருந்தடையாகும். வேர்கள் ஆழச் செல்ல இயலா. மரம் நடுவோர் குழியில் இப்படிவத்தை உடைத்தாக வேண்டும். கால்வாய்ப் பாசனத்திலோ இடர் வேறு வகையது. 1958-இல் பணி தொடங்கி, 1984-இல் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர் மாற்றப்பெற்ற திட்டத்தின் பாசனப் பரப்பில், கடினப் படிவங்கள் உள்ள இடங்களில் மிகையாகப் பாய்ச்சிய நீர் கீழிறங்காது தேங்கிற்று. உப்பு மேலேறி விளைநிலம் பாழாயிற்று. நீருக்கு ஏங்கிய நிலம் நீராலேயே கெட்டது.

ஆதலின், பாலையில் நீர் பாய்ச்சுமுன் மேல் மண்ணை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அடிமண்ணில் படிவம் எந்த ஆழத்தில் உள்ளது என்பதை அறிந்து, அதற்கேற்ப நீரின் அளவையும் வடிகாலையும் வகுத்துக்கொள்வதே நிலத்தைக் காக்கும் வழியாகும்.