கணினியின் புனர்ஜன்மம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று கணினி இல்லாத வீடு அரிது. பிள்ளைகளின் பாடங்கள், வங்கிக் கணக்கு, ஊரிலிருந்து வந்த கல்யாணப் புகைப்படங்கள் யாவும் அந்தப் பெட்டிக்குள்ளேயே குடியிருக்கின்றன. வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் சென்றபின் அது தள்ளாடத் தொடங்குகிறது. காலையில் விசையை அழுத்திவிட்டுக் காபி குடித்து முடித்து வந்தாலும் திரை விழித்தபாடில்லை. வேண்டாத விளம்பரங்கள் தாமாகவே வந்து நிற்கின்றன. கடைக்காரரிடம் கொண்டுபோனால், "ஃபார்மட் பண்ணிவிடலாம் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருப்பது என்ன என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஏவி வேலை வாங்குவது இயக்க முறைமை. விண்டோஸ் அவ்வகையில் ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. அதனை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுவது, மாற்றல் உத்தரவு வந்த ஊழியர் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு ஒப்பாகும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். நம் சாமான்களை நாமேதான் முன்கூட்டிக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பரணில் விட்டுப்போன பெட்டியைப் பின்னர் கேட்டுப் பயனில்லை.

எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் தம் மடிக்கணினியைக் கடையில் கொடுத்தார். மறுநாள் அது புத்தம் புதிதாகத் திரும்பி வந்தது. ஆனால் பெற்றோரின் சதாபிஷேகப் படங்கள் அதில் இல்லை. தந்தையார் அடுத்த ஆண்டே காலமானவர். படங்களுக்கு வேறு பிரதியும் கிடையாது. கடைக்காரரைக் குறை கூறுவதற்கும் இடமில்லை. 'டி' பிரிவில் இருந்தவற்றை அவர் தொடவேயில்லை. படங்கள் இருந்ததோ டெஸ்க்டாப் எனப்படும் முகப்புத் திரையில். முகப்புத் திரை, டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கும் வழக்கமாக 'சி' பிரிவைச் சேர்ந்தவை. இயக்க முறைமையும் அங்கேயே இருப்பதால், முதலில் துடைக்கப்படுவது அப்பிரிவே.

ஆதலால் முதல் வேலை, எடுத்து வைத்தல். மேற்சொன்ன நான்கையும் வெளி வன்வட்டு ஒன்றில் பிரதி செய்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்புவதற்கில்லை. பொக்கிஷமான படங்களுக்கு இரண்டு பிரதிகள் இருத்தல் நலம்.

தமிழர்களாகிய நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்களும் சங்கத்து உறுப்பினர் பட்டியல்களும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்து அமைக்கப்பட்டவை. புதிய நிறுவலில் எழுத்துரு இல்லாது போனால், கடிதம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காட்சியளிக்கும். அஞ்ச வேண்டாம்; கடிதம் அழியவில்லை. எழுத்துருவை மீண்டும் சேர்த்தால் தமிழ் திரும்பிவிடும். எனவே எழுத்துருக் கோப்புகளையும் உடன் எடுத்து வைக்கவும். ஓய்வு கிடைக்கும்போது அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நிரந்தரப் பரிகாரம்.

அடுத்து, பிட்லாக்கர் என்னும் பூட்டு. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் இது தானாகவே இயங்குகிறது. இதன் மீட்புச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் காணக் கிடைக்கும். அதைக் காகிதத்தில் குறித்து வையுங்கள். சாவி இன்றிப் பூட்டிய பிரிவைத் திறக்க எவராலும் இயலாது.

நிற்க. நிறுவும் வேலைக்கு 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்று போதும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவியைக் கொண்டு அதனைத் தயார் செய்யலாம். அப்போது பென் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். பின்னர் கணினியை அதிலிருந்து தொடங்கச் செய்ய வேண்டும். டெல், லெனோவா கணினிகளில் பெரும்பாலும் எஃப்12 விசையும், எச்.பி. கணினிகளில் எஃப்9 விசையும் இதற்குப் பயன்படும்.

ஆபத்தான கட்டம் இனிதான் வருகிறது. எந்தப் பிரிவில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் 'சி', 'டி' என்ற பெயர்கள் தென்படமாட்டா. எண்களும் அளவுகளுமே தென்படும். ஆகவே ஒவ்வொரு பிரிவின் அளவையும் முன்பே குறித்து வைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அழிக்கும் பொத்தானைத் தொட வேண்டும். வெளி வன்வட்டை அச்சமயம் கழற்றி வைத்திருப்பது உத்தமம்.

அதே கணினியில் முன்பு முறையான விண்டோஸ் இயங்கியிருந்தால், உரிமத்துக்கு மறுபடியும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதே பதிப்பை, அதாவது ஹோம் எனில் ஹோமையே, நிறுவி இணையத்தில் இணைத்தால் உரிமம் வழக்கமாகத் தானே உறுதியாகிவிடும்.

எல்லா நோய்க்கும் இதுவே மருந்து அன்று. வன்வட்டு கிறீச்சிட்டாலோ, கோப்புகள் அடிக்கடி திறக்க மறுத்தாலோ, முதலில் உள்ளதைப் பிரதி எடுத்து, வட்டையே மாற்ற வேண்டும். சுழலும் பழைய வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினாலே பல கணினிகள் இளமை பெறுகின்றன.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு தேவைப்படுவதால், பழைய கணினிகள் பல அதற்குத் தகுதி பெறவில்லை. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டுமென்பதில்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, மனத்துக்குப் பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். தமிழ் படிக்கவும் எழுதவும் அதிலும் தடையில்லை.

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, பெரியவர்களின் முகமும் கையெழுத்தும் பெரும்பாலும் இப்பெட்டிகளில்தான் எஞ்சியிருக்கின்றன. விண்டோஸைப் பத்து முறை வேண்டுமானாலும் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டுக் கணினியின் முகப்புத் திரையில் என்னென்ன கிடக்கின்றன என்று பாருங்கள். பிரதி எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து, அருகிலிருந்து படங்களில் உள்ளவர் யார் யார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.